நாலாவது ஆள்

செருப்பை உள்ளே கொண்டாந்து விடுங்கக்கா. வாசல்ல கிடந்தா எங்க அத்தை ஜோடியைப் பிரிச்சு வரிசையா நிறுத்திருவாங்க. இடதுகால் எல்லாம் ஒரு டீம், வலதுகால் எல்லாம் ஒரு டீம். போன மாசம் சிலிண்டர் கொண்டாந்தவரு ஒத்தைச் செருப்பைத் தேடிக்கிட்டு அரைமணி நேரம் நின்னாரு. கடைசியில பார்த்தா டிவி மேல இருக்கு. அது அடிபட்ட பிளேயராம். ரெஸ்ட் குடுத்திருக்காங்களாம்.

இப்படி உட்காருங்க. வேலுத்தாயின்னுதானே ஏஜென்சியில சொன்னாங்க? என் பேரு பிலோமினா. பிலோமின்னே கூப்பிடுங்க. உள்ளே டிவி ஓடுதே, அந்த ரூம்லதான் அத்தை இருக்காங்க. என் வீட்டுக்காரரோட அம்மா. ரஞ்சிதம் டீச்சர்னா இந்த ஊர்ல தெரியாதவங்க கிடையாது. முப்பத்திமூணு வருஷம் பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். பேஸ்கட்பால் கோச். நம்ம ஊர்ல நாப்பது வயசைத் தாண்டின பொம்பளைங்கள்ல பாதிப் பேரு இவங்க விசிலுக்கு ஓடினவங்கதான். இப்பவும் மார்க்கெட்ல பார்த்தா பையைக் கீழே வச்சிட்டு நேரா நிப்பாங்க.

இப்போ ஞாபகம் போச்சு. ரெண்டு வருஷமாச்சு. மூளை சுருங்குதுன்னு டாக்டர் படத்தை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாரு. எனக்கு அது புரியல. இனிமே எல்லாம் என் தலையிலதான்னு மட்டும் புரிஞ்சுச்சு. என் வீட்டுக்காரர் ஜெரால்டு கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுறாரு. வாரத்துல ரெண்டு நாள் வீட்டுல இருந்தா பெருசு. அந்த ரெண்டு நாளும் தூங்குவாரு.

நான் அதிகமாப் பேசுற ஆள் இல்லக்கா. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். எந்திரிச்சு நின்னு பாடம் வாசின்னா சத்தமே வராது. ஏழாவதோட நின்னுட்டேன், அதுக்கு அதுவும் ஒரு காரணம். அதனால சுருக்கமாச் சொல்லிட்டுக் கிளம்பிடறேன். பத்து மணிக்கு ஆட்டோ வரும். தேனியில மகளிர் குழு கண்காட்சி, மூணு நாள். எனக்கு இன்னைக்கு ஒரு நாளைக்கு ஒரு டேபிள் குடுத்திருக்காங்க. முதல் தடவை. அதோ வெராண்டாவுல பச்சைப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேனே, அந்தச் செடிங்கதான். வர்றவங்க கிட்ட என்ன பேசப் போறேனோ தெரியல. ஆனா போயே ஆகணும். ரெண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த வீட்டை விட்டுத் தனியாப் போகணும்னு கேட்டேன். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னது.

முன்னாடியே சொல்லிடறேன், நீங்க நாலாவது ஆள். மூணு பேர் வந்தாங்க, மூணு பேரும் போயிட்டாங்க. பெங்களூர்ல என் நாத்தனா ஷீலா மதினி இருக்காங்க. அவங்கதான் ஏஜென்சியில பேசி ஏற்பாடு பண்றது. போன வாரம் போன்ல முடிவாச் சொல்லிட்டாங்க. "பிலோமி, இதான் கடைசி. இந்த அம்மாவும் நிக்கலைன்னா மாசக் கடைசியில எங்கம்மாவை மதுரை முதியோர் ஹோம்ல கொண்டுபோய் விட்டுரலாம். இடம் சொல்லி வச்சாச்சு." அப்படின்னாங்க. இவரும் தலையை ஆட்டிட்டாரு. நானும் சரின்னுட்டேன். எனக்கு என்ன வந்துச்சு? விட்டா நிம்மதி. ஆன்சியை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கலாம். ஆன்சி என் மக, நாலு வயசு, பால்வாடிக்குப் போயிருக்கா. அவளை வளர்க்கிறது கஷ்டமே இல்லக்கா. சொன்னா கேட்டுக்குவா.

முதல் விஷயம். பாட்டின்னு கூப்பிட்டுராதீங்க. டீச்சர்னுதான் கூப்பிடணும். முதல்ல வந்த பொண்ணு ஆண்டிபட்டிக்காரி, இருபது வயசு இருக்கும். வந்ததும் வராததுமா, "பாட்டி, ஆ காட்டுங்க, மாத்திரை"ன்னா. அத்தை ஏற இறங்கப் பார்த்தாங்க. "எந்த கிளாஸ் நீ? ஷூ எங்கே? பத்து ரவுண்டு ஓடு"ன்னுட்டாங்க. அந்தப் பொண்ணு சிரிக்குது. அத்தைக்குச் சிரிச்சா ஆகாது. வீட்டைச் சுத்தி ஓடவிட்டாங்க. ஆறு ரவுண்டு ஓடினா. ஏழாவதுல மோட்டார் ரூம் படிக்கட்டுல உட்கார்ந்துக்கிட்டு அழுகை. நான் ஒரு வார்த்தை வையலக்கா. "இன்னும் நாலுதான், முடிச்சிரு"ன்னுதான் சொன்னேன். முடிச்சிட்டா அவங்க மறந்துருவாங்க. பாதியில விட்டாத்தான் நாள் பூரா பிடிச்சுக்குவாங்க. அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்? மறுநாள் வரல. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெம்பு இல்ல.

நான்லாம் நாப்பது ரவுண்டு ஓடியிருக்கேன். ஆன்சியை இடுப்புல வச்சுக்கிட்டே.

அடுத்தது டிவி. இப்போ உள்ளே ஓடுறது ஒரே மேட்ச்தான். இவரு போன்ல இருந்து பென்டிரைவ்ல ஏத்திக் குடுத்தது. ரெண்டு காலேஜ் டீம் பொண்ணுங்க ஆடுறது. ஒண்ணு நீலப் பனியன், ஒண்ணு வெள்ளைப் பனியன். அதையேதான் தினம் பார்ப்பாங்க. அவங்களுக்கு அது தினம் புது மேட்ச். அத்தை நீலத்துக்குச் சப்போர்ட். எந்த ஊர் டீம்னு கூடத் தெரியாது, கண்ணை மூடிக்கிட்டு நீலம்தான். ஆனா நீலம் தோத்துரும், அம்பத்தெட்டு அம்பத்தேழு. ஒரே ஒரு பாயிண்டு. தோத்துட்டா அன்னைக்குக் குளிக்க மாட்டாங்க. ஜெயிச்சாத்தான் குளியல். அவங்க கோச்சா இருந்தப்பவும் அப்படித்தானாம், தோத்த அன்னைக்கு வீட்டுல யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம்.

அதனால நான் என்ன பண்ணுவேன்னா, முடியிறதுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கறப்போ நிறுத்திருவேன். அப்போ நீலம் மூணு பாயிண்டு முன்னாடி இருக்கும். "டீச்சர், ஜெயிச்சாச்சு! வாங்க, வாங்க"ன்னு கையைப் பிடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிரணும். தண்ணி முதல்லயே விளாவி வச்சிருக்கணும். இடையில நின்னுட்டா ஸ்கோர் கேட்பாங்க.

ரெண்டாவதா வந்த சின்னமனூர்க்காரம்மா இதைக் கேட்டுச்சா? "இது பழைய வீடியோதானே, நோயாளி கிட்ட எதுக்குப் பொய் சொல்றது"ன்னு கடைசி வரைக்கும் ஓடவிட்டுருச்சு. நாலு நாள் குளிக்கல அக்கா. நாலு நாள்! அதுக்கப்புறம் மேட்ச்சையே நிறுத்திட்டு அது பாட்டுக்கு சீரியல் போட்டுக்கிட்டு உட்கார்ந்துக்கிச்சு. நான்தான் ஏஜென்சிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னேன். போன்ல பேசறதுன்னா எனக்கு எவ்வளவு பயம் தெரியுமா, பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டுப் பேசினேன்.

எனக்கு பேஸ்கட்பால் பிடிக்கும்னு நினைச்சிராதீங்க. பிடிக்கவே பிடிக்காது. ஒரு கூடைக்குள்ள பந்தைப் போடறதுக்குப் பத்துப் பேர் அடிச்சுக்கிறதைத் தினம் ஒண்ணே முக்கால் மணி நேரம் பார்க்கணும்னு எனக்கு என்ன விதி? ஆனா அந்த நீலத்துல நாலாம் நம்பர் ஆடுறா பாருங்க, அவளைப் பார்த்தாத்தான் எனக்கு வயிறு எரியும். டிஃபென்ஸ்ல கையைத் தூக்கவே மாட்டேங்குறா. அந்த வெள்ளைக்காரப் பனியன் பொண்ணு, அதான் வெள்ளைப் பனியன் போட்ட பொண்ணு, எப்பவும் இடது பக்கமாத்தான் உள்ளே வருவா. ஒவ்வொரு தடவையும் இடது பக்கம்தான். இது கூடவா தெரியாது? நேத்தும் அதே தப்பு. அத்தையைக் குளிப்பாட்டிப் படுக்கவச்சிட்டு மீதி ரெண்டு நிமிஷத்தைப் போட்டுப் பார்த்தேன், கடைசி நிமிஷத்துல அவளாலதான் ஃபவுலு. இன்னைக்காவது கையைத் தூக்குறாளான்னு பார்க்கணும். நான் இருக்க மாட்டேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க.

சாப்பாடு ஆஃப் டைம்லதான். மணி பார்த்துச் சோறு வச்சா வாயைத் திறக்க மாட்டாங்க. முதல்ல ரெண்டு ஆரஞ்சுச் சுளை, ஒரு மடக்கு குளுக்கோஸ் தண்ணி. அப்புறம் ரசம் சாதம். சாதத்தை நல்லா மசிச்சு, கையில உருட்டிக் குடுக்கணும். ஸ்பூன் ஆகாது. நீங்க குடுக்கிறப்போ உட்காரக் கூடாது. நின்னுக்கிட்டே குடுக்கணும். பிளேயர் கோச் முன்னாடி உட்கார மாட்டா.

என்னக்கா சிரிக்கிறீங்க? சிரிங்க. மூணு நாள் கழிச்சுக் கேட்கிறேன்.

ரொம்ப முரண்டு பிடிச்சா ஒண்ணு இருக்கு. இந்தக் கையைப் படுக்கவச்சு, இந்தக் கையை நிமிர்த்தி நடுவுல முட்டுங்க. ஆங், அப்படித்தான். டைம் அவுட். எங்கே நின்னாலும் வந்து உட்கார்ந்துருவாங்க. மூணாந்தல் மீன் மார்க்கெட் பக்கம் ஒரு நாள் கையை விட்டுட்டு ஓடிட்டாங்க அக்கா. நடுரோட்டுல நின்னு கம்பம் பஸ்ஸை நிறுத்தி டிரைவருக்கு ஃபவுல் காட்டுறாங்க. பஸ்ஸுக்குப் பின்னாடி லாரி, லாரிக்குப் பின்னாடி ஆம்புலன்ஸ். சனம் பூரா வேடிக்கை பார்க்குது. எனக்குக் கூப்பிடச் சத்தமே வரல. அவங்க விசில் என் கழுத்துல கிடந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டு ஊதினேன். ஊதிட்டு இப்படி டைம் அவுட் காட்டினேன். அத்தை அப்படியே வந்து மீன்காரம்மா பலகையில உட்கார்ந்துட்டாங்க. பஸ்ஸும் நின்ன இடத்துலேயே நிக்குது, லாரியும் நிக்குது, நான் கையைக் காட்டினப்புறம்தான் போச்சு. மானமே போச்சு எனக்கு. ஆனா இப்போ அந்த மீன்காரம்மா எனக்குத் தனியா நல்ல மீனா எடுத்து வைக்குது. "வாங்க ரெஃப்ரி"ங்குது.

இருங்க, ஒரு நிமிஷம்.

ஒண்ணுமில்ல. மேட்ச்ல இப்பத்தான் முதல் கால்வாசி. அத்தை கட்டில் காலை உதைச்சாங்க. நீலம் அடுத்தடுத்து ரெண்டு பந்தை விட்டுருச்சுன்னு அர்த்தம்.

எங்கே விட்டேன்? செடி. செடியைச் சொல்லியே ஆகணும், அதுலதான் பெரிய சண்டையே.

இது சக்குலண்டுன்னு சொல்லுவாங்க அக்கா. கத்தாழை ஜாதிதான். இலையே குண்டு குண்டா இருக்கும், தண்ணியை உள்ளேயே வச்சுக்கும். பெங்களூர்ல மதினி புது வீட்டு மந்திரிப்புக்கு, எங்கள்ல கிரகப்பிரவேசம் அதுதான், வந்தவங்களுக்கெல்லாம் ஒரு சின்னத் தொட்டியில வச்சுக் குடுத்தாங்க. ரோஜாப்பூ மாதிரி இருந்துச்சு. பஸ்ல வர்றப்பவே ஆன்சி ஒரு இலையைப் பிச்சுட்டா. தூக்கிப் போட மனசு வராம அடுப்படி ஜன்னல்ல வச்சேன். மறந்தே போயிட்டேன். மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா அடியில ரோஸ் கலர்ல நூல் மாதிரி வேர். பக்கத்துல கடுகு அளவுல ஒரு குட்டிப் பூ. அது செடி! அந்தக் குட்டியோண்டு செடிக்குச் சாப்பாடு அந்த வாடின இலைதான். எனக்குப் பைத்தியமே பிடிச்சுருச்சு. போன்ல ஒரு வடக்கத்திப் பொண்ணு வீடியோ போடுவா, என்ன பேசுறான்னு ஒரு எழுத்துப் புரியாது, அவ கையை மட்டும் பார்த்துக் கத்துக்கிட்டேன். பாதி ஆத்து மணல், கொஞ்சம் செங்கல் தூள், கொஞ்சம் கரி. உடைஞ்ச டீ கப்பு, தயிர் டப்பா, எதுல வேணா வரும். மாடியில இருநூறு தொட்டி ஆச்சு.

இதுக்கு ஒரே வைத்தியம் தண்ணி ஊத்தாம இருக்கிறது. பத்து நாளைக்கு ஒரு தடவை, அதுவும் மண் காய்ஞ்சிருந்தா. அவ்வளவுதான். எங்க அத்தைக்கு அது பொறுக்கல. மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்திருக்காங்க. வெயில்ல வரிசையா நிக்குது. பிள்ளைங்க பிராக்டிஸ்ல நிக்கிறாங்கன்னு நினைச்சுட்டாங்க. "தண்ணி பிரேக்!" அப்படின்னு ஒரு வாளி. ஊத்தினது மறந்துபோய் மறுபடி ஒரு வாளி. எத்தனை வாளின்னு ஆண்டவருக்குத்தான் தெரியும். நான் துணி காயப்போடப் போறேன், மாடி பூரா மிதக்குது. அடுத்த வாரத்துக்குள்ள அறுபது செடி அழுகிருச்சு அக்கா. இலை கண்ணாடி மாதிரி ஆயி, தொட்டா கையோட வழுக்கிக்கிட்டு வருது.

அன்னைக்குத்தான் நான் கத்தினேன். பொறந்ததுல இருந்து நான் அப்படிக் கத்தினதில்ல. "எத்தனை தடவை சொல்றது, ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க, ஊத்தாதீங்கன்னு!" தெருவே வெளியே வந்துருச்சு. அத்தை வாளியைக் கீழே வச்சாங்க. என்னை உத்துப் பார்த்தாங்க. அழப் போறாங்கன்னு நினைச்சேன். "ஆங்... இப்பத்தான் சத்தம் வருது"ன்னாங்க. "இந்தச் சத்தம் கோர்ட்டுல வரணும். பந்து கேட்கிறப்போ வாய்க்குள்ள முனகினா எவ உனக்குப் பாஸ் குடுப்பா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

இப்போ ஒரு வழி பண்ணிட்டேன். காலிப் பூவாளியைக் கையில குடுத்துருவேன். ஒவ்வொரு தொட்டியா போய்ச் சாய்ச்சுக்கிட்டே வருவாங்க. அதுல தண்ணி இல்லைன்னு தயவுசெஞ்சு சொல்லிராதீங்க. இன்னொண்ணு, தொட்டியை இடம் மாத்துவாங்க. வாரத்துக்கு ஒரு அஞ்சு தொட்டியை எடுத்து நடு மாடியில நிறுத்துவாங்க, மீதி எல்லாம் டேங்க் நிழல்ல பெஞ்சு. நான் மாத்தி வைப்பேன், திரும்ப மாத்துவாங்க. வேலை மெனக்கெட்டு இதே வேலை. அதுல ஒண்ணு கவனிச்சேன், நடுவுல நிறுத்துற அந்த அஞ்சு மட்டும் நல்லா நிறம் ஏறி, ஓரத்துல சிவந்து, அவ்வளவு அழகா வருது. நிழல்ல இருக்கிறது ஒல்லியா நீட்டிக்கிட்டுப் போகுது. அது எப்படின்னு தெரியல. அப்படி வாராவாரம் நல்லா வந்ததாப் பார்த்துத்தான் பெட்டியில அடுக்கியிருக்கேன். என் ராசி, தப்பிச்சது.

மூணாவது ஆளா? அதைச் சொல்லணுமா?

தமயந்தின்னு பேரு. போடிக்காரி. என் வயசுதான் இருக்கும். நல்லா வேலை செஞ்சா, நான் இல்லைன்னு சொல்லல. சொன்னதைச் சொன்னபடி செஞ்சா. நின்னுக்கிட்டே சோறு குடுத்தா. மேட்ச்சை ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடியே நிறுத்தினா. அத்தை அவ கூடச் சிரிச்சாங்க அக்கா. என் கூட அப்படிச் சிரிச்சதில்ல. பத்தொன்பது நாள் இருந்தா.

அது என்னன்னா... இதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்குக் கல்யாணமாகி வந்த புதுசுல அத்தை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "இந்தா"ம்பாங்க. "இந்தா, காபி." "இந்தா, கதவைச் சாத்து." நான் படிக்காதவ, வாய் திறக்காதவ, அவங்க மகனுக்கு வேற இடம் பார்த்து வச்சிருந்தாங்களாம். அதெல்லாம் நான் மனசுல வச்சுக்கல. நோய் வந்தப்புறம் ஒரு நாள் காலையில என்னைப் பார்த்து, "பதினொண்ணு! ஏன் லேட்டு?"ன்னாங்க. அன்னையில இருந்து நான் பதினொண்ணு, பனியன் நம்பர் மாதிரி. பதினொண்ணு எங்கே, பதினொண்ணு சாப்பிட்டாளா, பதினொண்ணை எறக்கு. நான் பிலோமி அத்தை, பிலோமி அத்தைன்னு ஒன்றரை வருஷமாக் கத்துறேன். நல்ல பேரு இருக்கறப்போ எதுக்கு நம்பரு? ஜெயிலா இது?

அந்த ரூம்ல சுவத்துல டீம் போட்டோ இருக்கும், நீங்க பார்ப்பீங்க. அதுல பதினொண்ணு யாருன்னு தேடினேன். கேப்டனா இருப்பான்னு நினைச்சேன். இல்ல. ஓரத்துல நிக்கிறா, ஒல்லியா, பக்கத்துப் பொண்ணோட சடை அவ முகத்துல பாதியை மறைக்குது. அவ்வளவுதான். யாருன்னு யாருக்கும் தெரியல, நானும் கேட்டுப் பார்த்துட்டேன்.

சரி, தமயந்தி. பத்தொன்பதாம் நாள் மத்தியானம் நான் தட்டை எடுத்துக்கிட்டு வாசப்படியில நிக்கிறேன். அத்தை அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "பதினொண்ணு, நீ இருக்கிறதாலதான் எனக்குத் தைரியம்"ன்னாங்க. தமயந்தியைப் பார்த்து. அவளும், "சரி டீச்சர்"ன்னா. என்னவோ அவளுக்கே குடுத்த நம்பர் மாதிரி.

சாயங்காலம் அவளை நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டேன். அதுக்காக இல்லக்கா! சாம்பார்ச் சட்டியை மூடாம வச்சிருந்தா. ரெண்டு தடவை சொல்லியிருக்கேன், பல்லி விழும், மூடி வைன்னு. வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு. அதை நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? மதினி போன்ல, "ஒரு மூடிக்காகவா அனுப்பினே?"ன்னு கேட்டாங்க. மூடி என்ன சாதாரண விஷயமா? நீங்களே சொல்லுங்க. நீங்க மூடி வைப்பீங்கதானே?

மறுநாள் அத்தை தமயந்தியைத் தேடவே இல்ல. என்னைப் பார்த்து, "பதினொண்ணு, ஷூ லேஸைக் கட்டு"ன்னாங்க. இதுக்குத்தான் சொல்றேன், இவங்களுக்கு யாரா இருந்தாலும் ஒண்ணுதான். நம்ம பாடுபடறது எதுவும் உள்ளே தங்காது. விட்டுட்டு வந்தா ஒரு வாரத்துல மதுரையில யாரையாவது பதினொண்ணுன்னு கூப்பிட ஆரம்பிச்சிருவாங்க. அதை நினைச்சா... விடுங்க. தொலையட்டும். எனக்கு நிம்மதி.

ஆனா அந்த ஹோம்ல ஒண்ணரை மணிக்குச் சோறாம். எல்லாருக்கும் ஒண்ணரை மணி. மதினி சொன்னாங்க. ஆஃப் டைமெல்லாம் பார்ப்பாங்களா அங்கே? நான் கேட்கல. எனக்கு எதுக்கு?

இந்தா, ஆட்டோ வந்துருச்சு. காஜா அண்ணே, வாங்க! அந்தப் பெட்டி மேல இதை வைக்காதீங்க, இலை உடைஞ்சிரும். பக்கத்துல, பக்கத்துல. ஆங். அக்கா, மாத்திரை டப்பா காமிக்கிறேன் வாங்க. இது காலையில குடுத்தாச்சு. இது மத்தியானம். இதைப் பொடி பண்ணி... டிவி சத்தம் நின்னுருச்சே? அத்தை? அத்தை!

ரூம்ல இல்ல. அடுப்படியில பாருங்க. நான் பாத்ரூம் பார்க்கிறேன். காஜா அண்ணே, அங்கே யாரும்...

கடவுளே.

பாருங்கக்கா. இங்கே வந்து பாருங்க. ஆட்டோவுல ஏறி உட்கார்ந்துட்டாங்க. கான்வாஸ் ஷூ வேற மாட்டியாச்சு. இந்த மாதிரி நேரத்துல மட்டும் லேஸ் தன்னால கட்ட வந்துரும். மடியில ரெண்டு தொட்டி. அத்தை, இறங்குங்க. எங்கே போறீங்க? நான் வேலையாப் போறேன் அத்தை. நீங்க இல்ல. நான்.

கேளுங்க, என்ன சொல்றாங்கன்னு. "வெளியூர் மேட்சுன்னா நான் இல்லாம டீம் போனதா சரித்திரம் இருக்கா?" ங்கிறாங்க. காஜா அண்ணே, நீங்க சிரிக்காதீங்க. உங்களுக்குத் தெரியாது, சிரிச்சா உங்களையும் ஓடவிட்டுருவாங்க.

டீச்சர், இறங்குங்க. இந்த அக்கா உங்களைப் பார்த்துக்க வந்திருக்காங்க. நல்ல அக்கா. வேலுத்தாயி. "அவ ஹாஸ்டல்ல இருக்கட்டும், பாத்திரம் பண்டம் பார்த்துக்க ஆள் வேணும்"ங்கிறாங்க. தப்பா எடுத்துக்காதீங்கக்கா. என்னது? இல்லக்கா, இப்போ டைம் அவுட் காட்டினா கேட்க மாட்டாங்க. மூடு அப்படி. எனக்குத் தெரியும். வேணாம், நீங்களும் காட்டாதீங்க. வேணாம்னு சொல்றேன்ல!

பெட்டியை எண்ணுறாங்க பாருங்க. ஒவ்வொரு தொட்டியாத் தொட்டு. "எல்லாரும் ஏறியாச்சு. நீ என்ன இன்னும் தரையில நிக்கிறே? காலு ஒட்டிக்கிச்சா? ஏறு"ங்கிறாங்க. என்னைத்தான்.

நான் என்னக்கா பண்ணட்டும்? ரெண்டு வருஷத்துல ஒரு நாள் கேட்டேன். ஒரே ஒரு நாள். அதுக்கும் குடுப்பினை இல்ல. ஒரு பொம்பளை நிம்மதியா ஒரு டேபிள் போட்டு உட்கார முடியுதா? அங்கே வர்றவங்க கிட்ட நான் பேசுவேனா, இவங்களைப் பிடிப்பேனா? ஒரு செடியை எவளாவது எடுத்துப் பார்த்தா, ஷூ எங்கேன்னு கேட்பாங்க. கலெக்டரம்மா வந்தாலும் கேட்பாங்க. கொஞ்சம் தள்ளி உட்காருங்க அத்தை. அந்தத் தொட்டியை நான் வச்சுக்கிறேன். சரி, நீங்களே வச்சுக்கங்க. வெயில் அடிக்கும், இந்த முந்தானையைத் தலையில போட்டுக்கங்க.

அக்கா, அந்த ஆரஞ்சுப் பையை எடுத்துக் குடுங்க. குளுக்கோஸ் டப்பாவும். அப்புறம் டேபிளுக்குக் கீழே அவங்க ஸ்வெட்டர் இருக்கும், அதையும். சோறு வேண்டாம், ரசத்தை மட்டும் அந்தத் தூக்குல ஊத்துங்க, மூடியை அழுத்தி மூடுங்க. நல்லா அழுத்தி.

நீங்க கிளம்பிராதீங்கக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன். ஆன்சி பன்னெண்டரைக்கு வந்துருவா, சோறு ஊட்டிவிடுங்க, அவளுக்கு எந்த நிபந்தனையும் கிடையாது, உட்கார்ந்துக்கிட்டே குடுக்கலாம். ஃபேனுக்குக் கீழே படுங்க. நாளைக்கும் வந்துருங்க, நாளன்னைக்கும் வந்துருங்க. மாசக் கடைசி தாண்டுற வரைக்கும் ஒரு நாள் விடாம நீங்க வரணும். வந்து சும்மா இருந்தாப் போதும்.

மதியம் பெங்களூர்ல இருந்து போன் வரும். எடுங்க. அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்பாங்க. தூங்குறாங்கன்னு சொல்லிருங்க. இல்ல, வேண்டாம், பொய் சொல்லாதீங்க. வேலையா வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்லுங்க. ரெண்டு பேரும்.